சிற்றூர் கவுன்சில் கூட்டம்: அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

2021 பிப்ரவரியில் ஒரு ஜூம் கூட்டத்தின் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஹேண்ட்ஃபோர்த் என்றொரு சிற்றூர். அதன் கவுன்சில் 2020 டிசம்பர் 10 அன்று இணையவழியில் நடத்திய கூட்டம் அது. கூட்டத்தை நடத்திக்கொடுக்க வந்திருந்த ஜாக்கி வீவர் என்பவரிடம், தலைவர் "உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை" என்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலைவரையே ஜாக்கி வீவர் கூட்டத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறார். இன்னொரு உறுப்பினர் "விதிகளைப் படியுங்கள், படித்துப் புரிந்துகொள்ளுங்கள்" என்று கத்துகிறார்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள், கட்சி பிரிந்து வாதாடினார்கள். பெரும்பாலானோர் ஜாக்கி வீவர் பக்கம். ஆனால் அந்தக் கத்தலுக்குள் ஒரு நல்ல கேள்வி இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவருக்கு அதிகாரம் இல்லை என்றால் வேறு யாருக்கு இருந்தது? தலைவருக்கா? விதிகளைப் படிக்கச் சொன்னவருக்கா?

மூன்று பேருக்குமே இல்லை என்பதுதான் விடை. சிற்றூர் கவுன்சிலில் அதிகாரம் கூட்டத்துக்குச் சொந்தம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தத் தனி ஆளுக்கும் கிடையாது. நடைமுறை விதிகள் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. இது பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒவ்வொன்றும் எதற்கு என்று தானாகவே தெரிய வரும்.

எந்தக் கவுன்சிலைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தில் உள்ளாட்சியின் அடிப்படிக்கட்டு பாரிஷ் கவுன்சில். 1894-ல் வந்த சட்டம் இவற்றை உருவாக்கியது. இப்போது சுமார் 10,000 இருக்கின்றன. ஒரு பாரிஷ் கவுன்சில் தானே தீர்மானம் போட்டு டவுன் கவுன்சில் என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் கூட்டத்துக்கான சட்டம் ஒன்றுதான். ஹேண்ட்ஃபோர்த்தும் 2021-ல் அப்படி மாறியது.

விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், பேருந்து நிழற்குடை, சமூகக் கூடம், வாடகைக்கு விடும் காய்கறித் தோட்ட நிலங்கள் போன்றவை இவற்றின் கையில் இருக்கும். புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பித்தால் இவை கருத்துச் சொல்லலாம். முடிவெடுப்பது மேலே உள்ள கவுன்சில். செலவுக்கான பணம், நீங்கள் கட்டும் கவுன்சில் வரியில் ஒரு தனி இனமாக வருகிறது.

லண்டனில் வாழ்ந்த தமிழர்களுக்கு இது புதிதாக இருப்பதில் வியப்பில்லை. 2007-ல் சட்டம் திருத்தப்படும் வரை பெருநகர லண்டனுக்குள் பாரிஷ் கவுன்சில் அமைக்கவே வழியில்லை. அதன் பிறகு முதலாவதாகக் குயின்ஸ் பார்க் பகுதியில் ஒன்று 2014-ல் வந்தது. லண்டனை விட்டு வெளியூருக்கு வீடு மாறுபவர்கள், வரி ரசீதில் பாரிஷ் என்ற இனத்தைப் பார்த்து இது என்ன புதுச் செலவு என்று கேட்பது இதனால்தான்.

விதிகள் எதற்கு?

ஐந்து பிள்ளைகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒருநாள் மூத்த அண்ணன், "வீட்டை விற்பதென்று எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம்" என்கிறார். கனடாவில் இருக்கும் தங்கைக்குச் செய்தியே போகவில்லை. பேசும்போது இரண்டு பேர்தான் இருந்தார்கள். விற்பதைப் பற்றிப் பேசினார்களே தவிர, என்ன விலைக்கு, யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. எதையும் எழுதி வைக்கவும் இல்லை. நாளை சண்டை வந்தால், அது குடும்பத்தின் முடிவா அண்ணனின் முடிவா என்று எப்படிச் சொல்வது?

கவுன்சில் விதிகள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியுமா? போதுமான பேர் இருந்தார்களா? எதை ஒத்துக்கொண்டார்கள் என்று தெளிவாகச் சொற்களில் வைக்கப்பட்டதா? எத்தனை பேர் ஆதரித்தார்கள்? எழுதி வைத்தார்களா? ஐந்துக்கும் ஆம் என்றால்தான் அது கவுன்சிலின் முடிவு. ஒன்று தவறினாலும், சில பேர் ஓரிடத்தில் கூடிப் பேசியதாகத்தான் ஆகும்.

இந்த விதிகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. முதல் அடுக்கு நாடாளுமன்றச் சட்டம். 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 12-ஆவது அட்டவணை என்று ஒரு பகுதி உண்டு. கூட்டத்தின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. இரண்டாவது அடுக்கு, ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென்று ஏற்றுக்கொள்ளும் நடைமுறை விதிகள். அங்கே ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ் என்பார்கள். ஹேண்ட்ஃபோர்த் காணொளியில் "படியுங்கள்" என்று கத்தப்பட்டது இந்தப் புத்தகத்தைத்தான். கவுன்சில்களின் தேசிய சங்கம் ஒரு மாதிரி விதித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. பல கவுன்சில்கள் அதை எடுத்துத் தங்களுக்கேற்ற சிறு மாற்றங்களோடு வைத்துக்கொள்கின்றன. அதில் தடித்த எழுத்தில் இருப்பவை சட்டத்திலிருந்து வந்தவை; கவுன்சில் நினைத்தாலும் மாற்ற முடியாது. மற்றவற்றைத் தன் தீர்மானத்தால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஊர் விதிகளைக் கையில் எடுத்தால் முதலில் இந்த வேறுபாட்டைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அழைப்பு: மூன்று முழு நாட்கள்

என்னைக் கேட்டால் எல்லா விதிகளிலும் முக்கியமானது இதுதான். கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன் இரண்டு காரியங்கள் நடந்திருக்க வேண்டும். நேரமும் இடமும் சொல்லும் அறிவிப்பை ஊரில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அழைப்பு போக வேண்டும். அதில் என்னென்ன விஷயங்கள் எடுக்கப்படும் என்ற பட்டியல் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் நிகழ்ச்சி நிரல்.

முழு நாள் என்றால் அறிவிப்பு போகும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் சேராது. ஞாயிறும் வங்கி விடுமுறைகளும் சேராது. சனிக்கிழமை சேரும். புதன்கிழமை மாலை கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி எண்ணுங்கள்: செவ்வாய் ஒன்று, திங்கள் இரண்டு, ஞாயிறை விட்டுவிட்டு சனி மூன்று. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அழைப்பு போயிருக்க வேண்டும். சனிக்கிழமை அனுப்பினால் ஒரு நாள் குறைகிறது.

நாட்களை விடப் பெரிய விஷயம் அந்தப் பட்டியல். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கவுன்சில் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. பல ஊர்களில் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் "இதர விஷயங்கள்" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழ் தகவல் பரிமாறிக்கொள்ளலாம். பணம் ஒதுக்கக் கூடாது, யாரையும் நியமிக்கக் கூடாது. எல்லாரும் களைத்துப்போன இரவு ஒன்பதரை மணிக்கு, "அப்புறம், இன்னொரு சின்ன விஷயம்" என்று ஒரு ஒப்பந்தத்தை நுழைக்கும் பழக்கத்துக்கு இந்த விதி போட்ட பூட்டு அது.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, புரியும்படி இருக்க வேண்டும். "பூங்கா" என்று ஒற்றைச் சொல் போட்டிருந்தால் யாருக்கு என்ன தெரியும்? "பூங்கா ஊஞ்சல்களைப் பழுதுபார்க்க வந்துள்ள மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது" என்றிருந்தால், குழந்தைகளை அங்கே அழைத்துப்போகும் ஒரு தாய் அதைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வருவார். வராத உறுப்பினரும் தான் எதைத் தவறவிடுகிறார் என்று தெரிந்தே வராமல் இருப்பார்.

ஹேண்ட்ஃபோர்த் தகராறின் வேரும் அழைப்பில்தான் இருந்தது. வழக்கமான கூட்டங்களுக்கு நடுவே அவசரமாகச் சிறப்புக் கூட்டம் வேண்டுமென்றால் தலைவர் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். தலைவர் கூட்ட மறுத்தால்? இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்கலாம். அவர் மறுத்தாலோ, ஏழு நாட்களுக்குள் கூட்டாவிட்டாலோ, எந்த இரண்டு உறுப்பினர்களும் தாங்களே கூட்டலாம். அன்றைய கூட்டம் இரண்டு உறுப்பினர்கள் கூட்டியது என்று ஜாக்கி வீவர் சொன்னதும், அது முறையாகக் கூட்டப்படவில்லை என்று தலைவர் வாதிட்டதும் இதைப் பற்றித்தான். இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தலைவர் கூட்டத்தையே கூட்டாமல் இருந்து கவுன்சிலை முடக்கிவிட முடியாதபடி, வெறும் இரண்டே பேரின் கையில் சாவியைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: மூன்று முழு நாள் முன்பே எல்லாருக்கும் தெரிய வேண்டும், என்ன விஷயம் என்றும் தெரிய வேண்டும். தெரியாத விஷயத்தில் முடிவு இல்லை.

எத்தனை பேர் இருக்க வேண்டும்?

முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகைக்குக் கோரம் என்று பெயர். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. எந்த நிலையிலும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு பேர் கொண்ட கவுன்சிலுக்கு நான்கு. ஐந்து பேர் கொண்டதற்கு மூன்று. நடுவில் யாராவது எழுந்துபோய் எண்ணிக்கை குறைந்தால், அந்த நொடியிலிருந்து முடிவெடுக்கும் சக்தியும் போய்விடும்.

மூன்றில் ஒன்று குறைவாகத் தோன்றலாம். ஆனால் மற்றவர்கள் அனைவருக்கும் மூன்று நாள் முன்பே பட்டியல் போயிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டு விதிகளும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

ஒரு காலக் கெடுவும் உண்டு. கவுன்சில் ஏற்கும் காரணம் இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராத உறுப்பினர் பதவியை இழப்பார்.

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ "எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்க" என்பது கவுன்சிலின் முடிவாகாது. அங்கே கூட்டமே இல்லை. ஊராருக்கு அறிவிப்பும் இல்லை, கதவும் திறந்திருக்கவில்லை. கொரோனா காலத்தில் தற்காலிக விதிகள் இணையவழிக் கூட்டங்களை அனுமதித்தன. அவை 2021 மே மாதத் தொடக்கத்தோடு முடிந்தன. உயர் நீதிமன்றமும், புதிய சட்டம் இல்லாமல் அதைத் தொடர முடியாது என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதனால்தான் கூட்டங்கள் மறுபடி கூடத்துக்குத் திரும்பின. இடத்துக்கும் ஒரு விதி உண்டு: வேறு பொருத்தமான அறை இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்குமென்றால், அந்நேரத்தில் மது பரிமாறும் இடத்தில் கூட்டம் நடத்தக் கூடாது.

தீர்மானம்: பேச்சைச் சொற்களில் அடைப்பது

அரை மணி நேரம் பேசினார்கள், தலையாட்டினார்கள், அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். முடிவு என்ன? ஆளுக்கொன்று சொல்வார்கள். இதைத் தடுக்கத்தான் தீர்மானம். ஒருவர் முடிவின் சொற்களை அப்படியே முன்வைக்கிறார், அது முன்மொழிதல். இன்னொருவர் இது விவாதிக்கத் தகுந்தது என்று ஆதரவு தருகிறார், அது வழிமொழிதல். வழிமொழிய வேண்டும் என்பது கவுன்சில்களின் சொந்த விதிகளில் இருப்பது. வழிமொழிபவர் கடைசியில் அதற்கு ஆதரவாக வாக்களித்தே ஆக வேண்டுமென்று இல்லை. விவாதத்துக்கு வரட்டும் என்பதுதான் அவர் சொல்வது.

திருத்தம் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "பள்ளிக்கு எதிரே 4,000 பவுண்டுக்குள் ஒரு பேருந்து நிழற்குடை அமைப்பது" என்று ஒரு தீர்மானம். ஒருவர் "4,000 என்பதை 6,000 ஆக்கி, இருக்கையும் சேர்க்க வேண்டும்" என்கிறார். முதலில் இந்தத் திருத்தத்துக்கு மட்டும் வாக்கு. திருத்தம் வென்றால் நிழற்குடை வந்துவிட்டது என்று பொருளாகாது. தீர்மானத்தின் சொற்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். மாறிய தீர்மானத்துக்கு இனிமேல்தான் வாக்கு. எனவே நிழற்குடையே வேண்டாம் என்று நினைப்பவர்கூடத் திருத்தத்தை ஆதரிக்கலாம்: கட்டுவதென்றால் இருக்கையோடு கட்டட்டும், ஆனால் கட்டவே வேண்டாம் என்பது அவர் நிலை. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. "நிழற்குடை அமைக்கக் கூடாது" என்று மட்டும் திருத்தம் கொண்டுவர முடியாது. அதற்கு எதிர்வாக்கு இருக்கிறது.

அடிக்கடி காதில் விழும் இன்னொன்று பாயின்ட் ஆஃப் ஆர்டர், ஒழுங்குப் பிரச்சினை. விதி மீறப்படுகிறது என்று சுட்டிக்காட்டுவதற்கு மட்டுமே இது. எதிராளி சொன்ன புள்ளிவிவரம் தவறு என்பது ஒழுங்குப் பிரச்சினை ஆகாது. அதை உங்கள் முறை வரும்போது பேச்சில் சொல்லலாம். எழுப்புபவர் எந்த விதி என்று சொல்ல வேண்டும், தலைவர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாதிரி விதிகளின்படி அந்தத் தீர்ப்பே இறுதியானது.

வாக்கும் கணக்கும்

பொதுவாகக் கைதூக்கி வாக்களிப்பார்கள். வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மைதான் கணக்கு. ஒன்பது பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒன்பதில் பாதிக்கு மேல் ஐந்தாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. வாக்களிக்காதவர் கணக்கிலேயே வரமாட்டார். "நான் நடுநிலை, அதனால் இதைத் தடுத்தேன்" என்று ஒரு உறுப்பினர் சொன்னால், அவர் எதையும் தடுக்கவில்லை.

யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாக வேண்டுமென்றால், ஒரே ஒரு உறுப்பினர் கேட்டால் போதும். பெரும்பான்மை சம்மதம் தேவையில்லை. ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயங்களில் இதைக் கேட்கும் துணிச்சலுள்ள ஓர் உறுப்பினர் இருப்பது அந்த ஊருக்கு நல்லது.

வாக்குகள் சமமானால் தலைமை வகிப்பவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அவர் பழைய நிலையே தொடரும்படிதான் அந்த வாக்கைப் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது நாடாளுமன்றச் சபாநாயகரின் மரபு. பாரிஷ் கவுன்சில் சட்டத்தில் அப்படி ஒரு கட்டு இல்லை.

எடுத்த முடிவை மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் தோற்றவர்கள் அடுத்த மாதமே, அதற்கடுத்த மாதமே என்று திரும்பத் திரும்ப அதையே எழுப்பினால் வேலை நடக்காது. எனவே பெரும்பாலான கவுன்சில்களின் விதிகள், குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டாலொழிய ஆறு மாதத்துக்கு அதே விஷயத்தைத் திறக்க விடுவதில்லை.

இதுவரை: சொற்களில் வைத்தார்கள், சொற்களைச் செதுக்கினார்கள், வாக்களித்தவர்களை எண்ணினார்கள்.

தலைவர், கிளார்க், உறுப்பினர்

இப்போது அதிகாரக் கேள்விக்கு வரலாம். தலைவர் வந்திருந்தால் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை வகிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் இல்லையென்றால் துணைத் தலைவர். இருவரும் இல்லையென்றால், வந்தவர்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். தலைமை வகிப்பதும் சமநிலையில் இரண்டாவது வாக்குப் போடுவதும் தலைவரின் சிறப்புரிமைகள். கூட்டத்துக்கு வெளியே அவர் தனியாக ஒரு பைசா செலவுக்கும் உத்தரவிட முடியாது.

இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் நிறைய. 1972 சட்டத்தின்படி கவுன்சில் தன் வேலையை ஒரு குழுவிடமோ, துணைக் குழுவிடமோ, அதிகாரியிடமோ, வேறொரு கவுன்சிலிடமோ ஒப்படைக்கலாம். தனி உறுப்பினர் ஒருவர் இந்தப் பட்டியலில் இல்லை. தலைவரும் சட்டத்தின் பார்வையில் ஓர் உறுப்பினர்தான். எனவே "இதைத் தலைவர் முடிவு செய்யட்டும்" என்று கவுன்சிலே ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது. அவசர வேலைகளுக்கு, தலைவரைக் கலந்துகொண்டு கிளார்க் முடிவெடுக்கட்டும் என்று தீர்மானிப்பார்கள். அப்போது முடிவு கிளார்க்குடையது.

கிளார்க் என்பவர் கவுன்சில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் தலைமை அலுவலர். அழைப்பில் கையெழுத்திடுவது, சட்ட ஆலோசனை சொல்வது, முடிவுகளை நடைமுறைப்படுத்துவது எல்லாம் அவர் வேலை. அவருக்கு வாக்கு இல்லை. அவர் தலைவரின் செயலாளரும் இல்லை. ஒட்டுமொத்தக் கவுன்சிலின் ஊழியர். தலைவர் தனியாக அவருக்கு உத்தரவு போடுவதும், அவர் தனியாகக் கவுன்சிலுக்கு உத்தரவு போடுவதும் ஒரே அளவு தவறு.

அப்படியானால் ஒருவர் கூட்டத்தில் ரகளை செய்தால் யார் வெளியேற்றுவது? மாதிரி விதிகளில் வழி தெளிவாக இருக்கிறது. நடத்தையைச் சரிசெய்துகொள்ளும்படி தலைவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கவில்லையென்றால், அவரை மேலும் பேச விடக் கூடாது, அல்லது வெளியேற்ற வேண்டும் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். வழிமொழிந்ததும், விவாதமே இல்லாமல் உடனே வாக்கு. வெளியேற்றுவது கூட்டம், பொத்தானை அழுத்துவது யார் என்பது அதற்குப் பிறகுதான்.

ஹேண்ட்ஃபோர்த்தில் இந்த நடுப்படி நடக்கவில்லை. மேலுள்ள செஷயர் ஈஸ்ட் கவுன்சில் நடத்திய விசாரணையின் முடிவு 2022-ல் வெளியானது. உறுப்பினர்களை வெளியேற்றும் அதிகாரம் ஜாக்கி வீவருக்கு முறைப்படி இல்லை என்றது. சில உறுப்பினர்கள் நடத்தை விதிகளை மீறினார்கள் என்றும் சொன்னது. எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. அன்றைய கத்தலுக்கு நடுவே அவர் நிதானமாக இருந்ததை மதிக்கலாம்; அதற்காகவே, ஓர் அலுவலர் தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தன் விருப்பப்படி நீக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. நாளை வேறோர் ஊரில் நல்ல உறுப்பினர் ஒருவரை மோசமான அலுவலர் ஒருவர் இதே பொத்தானால் நீக்கலாம். மீதியிருந்தவர்கள் முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்க ஒரு நிமிடம் போதும்.

சொந்தப் பண நலன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் உறுப்பினர் விவாதத்திலும் வாக்கிலும் கலந்துகொள்ளக் கூடாது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் மீறுவது குற்றம். நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்தில் நலன்களை அறிவிக்கும் வரி வருவது இதற்காகத்தான்.

கூட்டக் குறிப்பு

மினிட்ஸ் எனப்படும் கூட்டக் குறிப்பு, யார் என்ன பேசினார் என்ற பதிவு இல்லை. என்ன முடிவானது என்ற பதிவு. "நான் இருபது நிமிடம் பேசினேன், ஒரு வரிகூட இல்லையே" என்று வருந்துபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. அடுத்த கூட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டு, தலைமை வகிப்பவர் கையெழுத்திடுவார். அப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நடந்ததைச் சரியாக எழுதியிருக்கிறார்களா? முடிவு பிடிக்காதவரும் குறிப்பை ஏற்கலாம். கூட்டத்துக்கு வராதவரும் ஏற்கலாம். குறிப்பை ஏற்பதால் முடிவை ஆதரித்ததாக ஆகாது.

ஊராருக்கு என்ன இடம்?

கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இந்த உரிமையைத் தந்தது 1960-ஆம் ஆண்டின் ஒரு சட்டம். அதற்கான மசோதாவைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தவர், அப்போது ஃபின்ச்லி தொகுதியின் புது எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் உரையே இந்த மசோதாவைப் பற்றித்தான். ரகசியம் காக்க வேண்டிய விஷயம் வந்தால், காரணம் சொல்லித் தீர்மானம் போட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் பொதுமக்களை வெளியே இருக்கச் சொல்லலாம். 2014 முதல், கூட்டத்தைப் படம் பிடிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் உரிமை உண்டு.

ஆனால் உட்காரும் உரிமை பேசும் உரிமையாகாது. பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேச சட்டப்படி உரிமை இல்லை. பெரும்பாலான கவுன்சில்கள் தங்கள் விதிகளில் அதற்கென்று சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கின்றன. அந்த நேரத்தில் நீங்கள் கேட்டதற்கு அன்றே முடிவு கிடைக்காவிட்டால் கோபப்பட வேண்டாம். அது பட்டியலில் இல்லாத விஷயமாக இருக்கும். முடிவெடுத்தால் உங்களைப் போலவே மூன்று நாள் முன்பு பட்டியலைப் பார்த்து, இதில் நமக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிட்ட அண்டை வீட்டாருக்கு அநியாயம். உங்கள் விஷயம் முடிவாக வேண்டுமென்றால், கூட்டத்துக்கு ஓரிரு வாரம் முன்பே கிளார்க்குக்கு எழுதுங்கள், அல்லது உங்கள் பகுதி உறுப்பினர் ஒருவரைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே நிகழ்ச்சி நிரலுக்குள் போகும்.

பாரிஷ் கூட்டம் என்று வேறொன்றும் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் எல்லாரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். அது கவுன்சிலின் கூட்டம் இல்லை; ஊர் வாக்காளர்களின் கூட்டம். ஆண்டுதோறும் மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஒருமுறை நடக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கே நீங்கள் பேசலாம், வாக்களிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்பதற்காக, மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அங்கே எடுக்கும் முடிவு பெரும்பாலும் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கூடம் நிறைந்த ஊரின் வாக்கை ஒரு கவுன்சில் எளிதில் ஒதுக்கிவிடாது. ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்க முடியாத விஷயமென்றால், ஆறு வாக்காளர்கள் சேர்ந்து ஏழு முழு நாள் முன்னறிவிப்பு கொடுத்துத் தாங்களே ஒரு பாரிஷ் கூட்டத்தைக் கூட்டலாம்.